வீட்டில் ஆள் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

குதிகால் வலி குறைந்த பாடில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குக் குதிகால் ஏன் வலிக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். "வயசு" என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில், திரும்பி வந்த புத்தகங்களைக் குவித்து வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் என் மேசை. மேலே பலகை தொங்குகிறது: 'வீட்டுக் கருவிகளும் உங்கள் அந்தரங்கமும் – இலவச ஆலோசனை'. நகராட்சி வைத்த பெயர். வருகிறவர்களில் பாதிப் பேர் நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்வேன் என்று நினைத்து வருகிறார்கள். மீதிப் பேருக்கு வீட்டில் மாட்டிய கேமராவும், பேசுகிற ஸ்பீக்கரும், தானே பூட்டிக்கொள்ளும் கதவும் தங்களைப் பற்றி யாரிடம் என்ன சொல்கின்றன என்று தெரிய வேண்டும்.

இன்று ஒரு அம்மா வீடு பெருக்கும் ரோபோவைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். அது அவர் வீட்டை வரைபடம் போட்டு வைத்திருக்கிறதாம். "என் கட்டில் எங்க கிடக்குன்னு இதுக்கு எதுக்குங்க தெரியணும்?" நியாயமான கேள்வி. அழித்துக் கொடுத்தேன். "இனிமே எப்படிப் பெருக்கும்?" என்றார். "முட்டி முட்டிப் பெருக்கும்" என்றேன். சிரிக்கவில்லை.

நமக்கும் ஒரு பேசும் ஸ்பீக்கர் வாங்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். "நீதான் வீட்டுக்கு வந்தா வாயே திறக்கிறதில்ல. அதாவது பேசும்." நான் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

வருகிறவர்களின் பெயரை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்பது எங்கள் மேசையின் விதி. இந்த டைரிக்கும் அதுதான். அதனால் இன்று வந்தவர் இங்கே ஸ்டியரிங் ஐயா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததுமே இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் அகட்டி வைத்துக்கொண்டார். வண்டியை எடுத்துவிடுவாரோ என்று பார்த்தேன்.

மனைவி போய் இரண்டு வருஷம். ஒரே மகள், வெளிநாட்டில். போன விடுமுறைக்கு வந்தவள் வீடு முழுக்கக் கருவிகளை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ஹாலில் ஒரு கேமரா, சமையலறையில் ஒரு கேமரா, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சில்லு, மெத்தைக்கு அடியில் தூக்கத்தை அளக்கிற ஒரு பட்டை, பாத்ரூம் கதவிலும் திறப்பதை எண்ண ஒரு சில்லு. எல்லாமே அங்கே அவள் போனில் தெரியும்.

"எல்லாத்தையும் எடுக்கச் சொல்லலம்மா. ஹால்ல இருக்கிறது மட்டும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு மென்று விழுங்கினார். பாத்ரூம் ஒரு பக்கம், துணி வைத்திருக்கும் அறை மறுபக்கம், நடுவில் ஹால். ஒரு நாள் குளித்துவிட்டுத் துண்டோடு ஹாலைத் தாண்டும்போது சுவரிலிருந்து மகளின் குரல்: "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" அவள் ஆபீஸில் இருந்திருக்கிறாள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். இவரைப் பார்த்துச் சிரித்தார்களா, வேறு எதற்கோ சிரித்தார்களா, இவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஈர உடம்போடு பாத்ரூமுக்குள்ளேயே சட்டை பேண்ட்டை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறார்.

"மகள்கிட்ட சொன்னீங்களா ஐயா?"

"அவ பயத்துல மாட்டினது. எடுன்னா, தனியா இருந்தது போதும், முதியோர் ஹோமுக்குப் போங்கன்னுடுவா. ஒரு தடவை சொல்லவும் சொல்லிட்டா."

ஃப்ரிட்ஜ் கதையையும் சொன்னார். பசி இல்லாத நாளில் சும்மா கதவைத் திறந்து மூடுவாராம். சாப்பிட்டதாக அது எழுதிக்கொள்ளும். மகள் கவலைப்பட்டு போன் செய்ய மாட்டாள். சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். எனக்கு என்னமோ போல் இருந்தது. சொந்த வீட்டில் ஒரு மனுஷன் நன்றாக இருப்பதாக நடித்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 8, சனி

சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் முதலில் கேட்டது: "கணக்கு யார் பேர்ல?"

மகள் பேரில்.

"அப்ப மகள் சம்மதிக்காம எதையும் தொடக் கூடாது."

"வீடு அவரோடது சார்."

"வீடு அவரோடது, கணக்கு மகளோடது" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ஆளும் நல்லவர்தான், சொன்னதும் விதிதான். கணக்கு வைத்திருப்பவர்தான் கருவிக்கு முதலாளி. உள்ளே குடியிருக்கிறவர் வெறும் நடமாட்டம்.

மார்ச் 11, செவ்வாய்

மூடப்போகிற நேரத்தில் ஸ்டியரிங் ஐயா வந்தார். எனக்குக் கண் எரிச்சல், கால் வலி, காலையிலிருந்து ஒரு வாடகைக்காரரும் அவர் வீட்டுச் சொந்தக்காரரும் ஒரே கதவு கேமராவுக்காக என் முன்னால் சண்டை போட்டுத் தீர்த்திருந்தார்கள்.

அவருக்குக் கணக்கைத் திறக்க முடியாது. ஆனால் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பலகை இருக்கிறதாம், அதில் இரண்டு பொத்தான்கள்: 'வீட்டில்', 'வெளியே'. அதை அவர் தொட்டதே இல்லை. எனக்கு அந்த வகை தெரியும். 'வெளியே' என்றால் உள் கேமராக்கள் விழித்திருக்கும், 'வீட்டில்' என்றால் தூங்கிவிடும். இவருடையது விழித்திருக்கிறது என்றால் மகள் அதை 'வெளியே'யில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் – அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"எந்தப் பொத்தான்ல வெளிச்சம் இருக்கோ அதை விட்டுட்டு மத்ததை அமுக்குங்க ஐயா. கேமரா தூங்கிடும். குளிச்சு, துணி மாத்தினதும் பழையபடி அமுக்கிடுங்க."

"இவ்ளோதானா?" என்றார். முகம் மலர்ந்துபோயிற்று. "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்மா."

வழக்கமாக வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்வேன். இன்று போகவில்லை. கால் வலி.

மார்ச் 13, வியாழன்

யாரும் வரவில்லை. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததில் இன்னும் அசதி.

மார்ச் 18, செவ்வாய்

எப்படி எழுதுவது.

ஸ்டியரிங் ஐயா வந்தார். கைகளை மேசையில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சொன்னபடியே செய்திருக்கிறார், பாவம். பலகையில் 'வீட்டில்' என்பதில்தான் வெளிச்சம் இருந்திருக்கிறது. மகள் தன் போனிலிருந்து ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கிறாள், 'வீட்டில்' இருக்கும்போதும் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி. எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். சம்பளம் அதற்குத்தான்.

நான் மற்றதை அமுக்கச் சொன்னேன். அவர் 'வெளியே'யை அமுக்கினார். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கிறது. "நான் வெளிய போயிட்டேன்னு வீடு நினைச்சுக்கிட்டா, என்னை நிம்மதியா விட்டுடும்னு நினைச்சேன்மா."

குளித்துவிட்டுத் துண்டோடு ஹாலில் கால் வைத்தார். கருவிக்கு, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே ஒருவன். சைரன் அலறியது. விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. அங்கே மகளின் போனுக்குச் செய்தி போயிற்று. அந்தக் கருவிகளோடு சேர்ந்த காவல் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வண்டியில் வந்து கதவைத் தட்டினார்கள். இவர் பதறிப்போய் அப்படியே திறந்தார். ரகசியச் சொல்லைச் சொல்லுங்கள், சைரனை நிறுத்துகிறோம் என்றார்களாம். அது மகள் வைத்தது. இவருக்கு எப்படித் தெரியும்? இது உங்கள் வீடுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்களாம். எதிர் வீட்டிலிருந்தும் மாடியிலிருந்தும் எல்லோரும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஈரத்தோடு, துண்டோடு.

"அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன்மா. டிக்கெட் எடுக்காதவனைக்கூட நான் அப்படி நடு ரோட்ல நிக்க வெச்சதில்ல."

அய்யோ. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு எனக்கு.

மகளுக்குப் புரிந்தது வேறு. அப்பாவுக்கு வீட்டில் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்றே தெரியவில்லை, மூளை தடுமாற ஆரம்பித்துவிட்டது. முதியோர் இல்லத்தில் இடம் சொல்லிவிட்டாள். அடுத்த மாத ஆரம்பத்தில் வந்து, கையோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகப் போகிறாள்.

"நான்தான் அமுக்கச் சொன்னேன்னு சொல்லலியா ஐயா?"

"எதுக்கு? உங்க வேலைக்கு ஏதாவது வந்துட்டா?"

இப்படி ஒரு மனுஷனையா நான்... தான் பைத்தியம் என்று மகள் நினைக்கட்டும், எனக்கு வேலை போகக் கூடாது என்று இருந்திருக்கிறார். சொல்லிவிட்டு எழுந்தார். இல்லத்துக்கு எத்தனை சட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்று என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

மார்ச் 19, புதன்

நடந்ததைச் சொன்னதும் சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். "அவரே காட்டிக் கொடுக்கல. நீங்க ஏன் வலியப் போய் மாட்டிக்கிறீங்க?" பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "போன் பண்ணணும்னா பண்ணுங்க. நான் கேக்கல" என்றார்.

பண்ணினேன். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்க அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, தப்பான வழியைச் சொன்னவள் நான், அவர் சொன்னதை அப்படியே சரியாகச் செய்தார், அவ்வளவுதான்.

"எங்க வீட்டு விஷயத்துல தலையிட நீங்க யாரு மேடம்?" என்றாள். அவளே தொடர்ந்தாள். "சரி, இன்னைக்கு உங்க தப்பு. நாளைக்கு அவர் அடுப்பை அணைக்காம விட்டா? விழுந்தா? அம்மா விழுந்தப்ப நான் எங்க இருந்தேன் தெரியுமா? மீட்டிங்ல." கட் செய்துவிட்டாள்.

அவளைத் திட்டலாம் என்று இருந்தேன். அதுவும் போயிற்று.

மார்ச் 27, வியாழன்

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நடந்ததற்கு மேலிடம் எழுதிக் கேட்ட விளக்கத்தை அனுப்பிவிட்டேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். இனி வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது. இதை நானே சொல்லியிருப்பேனே.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று அவர் மகள் வந்திருப்பாள். இன்று எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, சுவரை முறைச்சுப் பாத்துட்டே இருக்க?" விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உன்கிட்ட யாரும் தப்பு பண்ணக் கூடாது, நீயும் பண்ணக் கூடாது. எப்படித்தான் இருக்க முடியும்?" என்றார். கோபமாக வந்தது. அப்புறம் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேசை முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். தூக்கமில்லாத முகம். "நான் பஸ் டிரைவரோட பொண்ணு" என்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

உட்கார்ந்தவள் சண்டை போடவில்லை. பத்து நாளாக அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இல்லத்தில் இடம் தயாராக இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். கருவிகளின் கணக்கு இவள் பேரில்தான், ஆனால் அங்கே புருஷன் போனிலும் எல்லாம் தெரியும். இவள் ஆபீஸில் இருக்கும்போது அப்பாவை அவர் பார்த்துக்கொள்வார் என்று சேர்த்துவிட்டிருக்கிறாள்.

"முந்தாநாள் அம்மாவோட பாத்திரங்களை எடுத்து வெச்சிட்டு இருந்தேன் மேடம். திடீர்னு அழுகை வந்துருச்சு. அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சமையலறையில கீழ உக்காந்து அழுதேன். உடனே போன். இவர். 'ஏன் தரையில உக்காந்து அழற? என்ன ஆச்சு?' அன்பாத்தான் கேட்டார். பதறிப்போய்க் கேட்டார். எனக்கு... எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு. எழுந்து ஹாலுக்குப் போனேன், அங்கயும் கேமரா. படுத்தா மெத்தைல பட்டை. கடைசில பாத்ரூமுக்குள்ள போய்த்தான் அழுதேன். அந்தக் கதவும் எண்ணுது."

டிஷ்யூ டப்பாவைத் தள்ளி வைத்தேன். அரசாங்க டப்பா, உள்ளே காலி. அவள் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"நான் பத்து நாள்ல இப்படி. அப்பா எட்டு மாசமா இருக்கார். ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ. சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அவர்கள் வீட்டுக்குப் போனேன். போனை அணைத்து, பையோடு வாசலிலேயே வைத்துவிட்டு, வெறும் ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போனேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். இதையெல்லாம் அகற்ற வருகிறவள் கையிலேயே ஒரு கேமராவும் மைக்கும் இருந்தால் அசிங்கம்.

சின்ன வீடு. சுத்தம். ஹாலில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு எட்டு அடி வைக்கலாம், அவ்வளவுதான். இந்த எட்டு அடிக்கா இத்தனை பாடு என்று இருந்தது.

மகள் சொன்னாள், "அப்பா, எது இருக்கணும் எது வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க." அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எல்லாம் வேண்டாம்னா?" என்று இழுத்தார்.

"வேண்டாம்னா வேண்டாம்."

"இல்லத்துக்கு..."

"சொல்லியாச்சுப்பா, வரலன்னு."

அவர் திரும்பிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வேலையை ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் கழற்றி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டோம். மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு, தினம் காலையில் எழுந்ததும் அவரே அவளுக்கு போன் செய்வார் என்று பேச்சு. மகள் என் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். வாசலில் என் கையைப் பிடித்து, "நான் சரியாத்தானே பண்றேன்?" என்றாள். ஆமாம் என்றேன். பெரிய இவள் மாதிரி.

ஏப்ரல் 24, வியாழன்

ஸ்டியரிங் ஐயா மேசைக்கு போன் செய்தார். "சும்மாத்தான்மா. இன்னைக்கு ஹால்ல நின்னு தலை துவட்டினேன். ஃபேனுக்குக் கீழ நின்னு. அதைச் சொல்லலாம்னு."

இந்த வேலையில் இப்படி ஒரு போன் வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது.

மே 14, புதன்

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

காலையில் ஒரு தம்பதி வீட்டில் வேலை. அவர்கள் வாசல் கேமரா எதிர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது. புருஷன் திருப்பு என்கிறார், மனைவி கள்ளன் வந்தால் என்கிறார், இழுத்துக்கொண்டே போயிற்று. என் போன் வழக்கம்போல அணைந்து, பையில், வாசலில். வெளியே வந்து போட்டால் மகளின் அழைப்புகள் வரிசையாக. கடைசியில் ஒரு செய்தி: 'அப்பா போன் செய்யல. எடுக்கவும் இல்ல. தயவுசெஞ்சு போய்ப் பாருங்க.' அது வந்து நேரம் எவ்வளவோ ஆகியிருந்தது.

டாக்ஸி பிடித்தேன். கதவு உள்ளே பூட்டு. தட்டினேன், கத்தினேன். எதிர் வீட்டுக்காரர் தீயணைப்புக்கு போன் செய்தார். உடைத்தார்கள். பாத்ரூம் வாசலுக்கும் அறைக்கும் நடுவில் கிடந்தார். உயிர் இருந்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "கதவை உடைச்சுட்டீங்களா?" என்றார்.

இடுப்பு எலும்பு முறிவு. விடிகாலையிலிருந்து கிடந்திருக்கிறார்.

ஹால்ல. அந்தக் கேமரா நேரா பாத்துட்டிருந்த இடத்துல. நான் ஸ்க்ரூ டிரைவரால கழட்டின கேமரா. நான் போனை ஆன்ல வெச்சிருந்தாலாவது... பெரிய கொள்கைக்காரி. வாசல்ல போனை வெச்சிட்டுப் போறாளாம்.

மே 15, வியாழன்

மகள் அழைத்தாள். விமான நிலையத்திலிருந்து. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். பெருமூச்சு விட்டாள். அப்புறம் கேட்டாள். எனக்குத் தெரியும் கேட்பாள் என்று.

"கேமரா இருந்திருந்தா மேடம்?"

"இருந்திருந்தா உடனே தெரிஞ்சிருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது? சுற்றி வளைத்து எதையாவது சொல்லியிருக்கலாம். அவளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலாம்.

வீட்டுக்காரர் டீ போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறிப்போகும்வரை நான் குடிக்கவில்லை.

மே 17, சனி

வேலையை விட்டுவிடலாமா?

மே 20, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போனேன். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கால்மாட்டில் நின்றேன், உட்கார மனசில்லாமல். "உக்காருங்கம்மா, அபராதமெல்லாம் போட மாட்டேன்" என்றார்.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். கையைத் தூக்கித் தடுத்தார், நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி. "நான் சொல்றதைக் கேளுங்க முதல்ல. கீழ கிடந்தப்ப போன் அங்க மேசைல அடிச்சிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும், ஐயோ பாப்பா பயப்படுறாளேன்னு இருந்துச்சு. வலியைவிட அது கஷ்டம். நடுநடுவுல, நல்லவேளை, இந்தக் கோலத்துல யாரும் பாக்கலன்னும் இருந்துச்சு. ரெண்டும்தான். ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு பொய்யாயிடும்."

மகள் வந்து கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் தெரியாது. மருந்துப் பையை வைத்துவிட்டுப் போர்வையைச் சரி செய்தாள். "இல்லத்துக்கு வேண்டாம்ப்பா" என்றாள். "ஆனா நான் எப்படித் தூங்குறது? அதையும் நீங்களே சொல்லுங்க."

அவர் மகளின் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "கேமராவெல்லாம் போட்ட அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டீங்களாம்மா?" என்றார்.

மே 31, சனி

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து ஒரு வழியைத் தாளில் எழுதினேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். சூப்பர்வைசர் மேசைக்கு வந்து படித்துவிட்டு, "அவர் பேர்லயே கணக்கா? அவருக்கு வருமா?" என்றார். "நகரம் முழுக்க பஸ் ஓட்டினவர் சார்" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

ஸ்டியரிங் ஐயா வீடு. வாக்கரோடு நடக்கிறார், மெதுவாக, ஆனால் நடக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருகிறார். மகள் போன வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டாள். இன்று போனில் இருந்தாள், வெறும் குரலாக. நானும் இந்தத் தடவை போனை அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் கூட்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டேன். வேறு எந்த மகளாவது அழைத்தால்?

பழைய கணக்கை மகள் அங்கிருந்து மூடினாள். புதிய கணக்கு அவர் பேரில், அவர் போனில். கடவுச்சொல் கேட்டதும், "அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கோங்கம்மா" என்றார். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினார். என் குதிகால் கெஞ்சியது. அவசரப்படுத்தவில்லை.

ஹாலில் ஒரு கேமரா, அவ்வளவுதான். சமையலறை வேண்டாம். மெத்தை வேண்டாம். பாத்ரூமில் கேமரா, சில்லு எதுவும் இல்லாமல் ஒரு கயிறு மட்டும், விழுந்தால் எட்டி இழுக்கிற உயரத்தில். இழுத்தால் மகளுக்கும் எதிர் வீட்டுக்கும் போகும். ஹால் கேமராவுக்கு மூடி உண்டு. குளிக்கப் போகும்போது அவர் மூடலாம். அரை மணிக்கு மேல் மூடியே இருந்தால் அது மகளிடம் சொல்லும். இதை அவரே கேட்டு வைத்துக்கொண்டார். "மறந்து மூடிட்டே விழுந்துட்டா?" என்று.

பிறகு திரையில் ஒரு கேள்வி வந்தது: உங்கள் வீட்டைப் பார்க்க யாரை அழைக்கிறீர்கள்? அவர் மகளின் நம்பரைப் போட்டார். அழைப்பு போயிற்று. அந்தப் பக்கம் டிங் என்று கேட்டது. ஏற்றுக்கொண்டேன் என்றாள். அவர் போனில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'விருந்தினர்' என்று வந்தது. "பாத்தியா, இப்ப நீ என் வீட்டு விருந்தாளி" என்று சிரித்தார். அவள் சிரிக்கிறாளா மூக்கை உறிஞ்சுகிறாளா தெரியவில்லை.

வேலை முடிந்தது என்று நான் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஹால் முழுக்கத் தெரியும். அனுமதியும் இருக்கிறது. அவள் தட்டவில்லை.

"அப்பா, இப்ப பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"இரு பாப்பா. தலை சீவிட்டு வரேன்."

வாக்கரைத் திருப்பிக்கொண்டு அறைக்குப் போனார். சீப்பு எங்கோ மேலே இருந்தது போலிருக்கிறது, தேடும் சத்தம் கேட்டது. உதவிக்குப் போகலாமா என்று பார்த்தேன், போகவில்லை. அவர் வரும்வரை அவள் லைனிலேயே காத்திருந்தாள்.